சாச்சியின் உறங்கும் யானைகள்

சாச்சி தைத்த யானைகள் எல்லாம் உறங்கிக்கொண்டேதான் பிறந்தன. இதில் கலை நுணுக்கம் எதுவும் கிடையாது. காரணம் எங்கள் ஊரில் இருந்த ஒரு வாப்பா. முன்பள்ளி டீச்சர் தன்னிடம் படிக்கும் இருபத்துநாலு பிள்ளைகளுக்கும் வெட்டுத் துணியில் ஆளுக்கொரு பொம்மை தைத்துத் தரும்படி சாச்சியைக் கேட்டார். அந்தச் செய்தி பரவியதும் ஒரு பிள்ளையின் வாப்பா, மார்க்கப்படி உருவம் செய்து வீட்டுக்குள் வைக்கலாமா என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டார். பிள்ளைகள் விளையாடும் சாமான்தானே, தோஷமில்லை என்று டீச்சர் சொன்னார். பள்ளிவாசல் மௌலவியும் சிரித்துக்கொண்டே அதையே சொன்னார். அப்படியும் அந்த மனிதருக்கு மனம் ஆறவில்லை.

"கண்ணு முழிச்சிக்கிட்டு இருந்தாத்தானே அவருக்குப் பிரச்சின? உறங்க வெச்சிருவோம்" என்றாள் சாச்சி.

அப்படித்தான் கண்ணுக்குப் பொத்தான் தைப்பதற்குப் பதிலாகக் கறுப்பு நூலில் இரண்டு வளைந்த கோடுகள் வந்தன. பார்த்தால் யானை வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பகல் தூக்கம் போடுவதுபோல இருக்கும். அந்த வாப்பாவும் சரி என்றுவிட்டார். சம்மதித்தாரா, அலுத்துவிட்டாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். யானைகளை உறங்க வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு அப்போது பத்து வயது. முதன்முதலில் என்னை நம்பி ஊசி தந்தார்கள் என்பதில் எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவளிடம் வலியப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் வீடு புத்தளம் பாலாவிக்கு அப்பால் களப்புக் கரைப் பக்கமாக இருந்தது. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள் முதலில் தென்னங்கிடுகிலும் பிறகு கல்லிலும் வீடு கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. உம்மாவும் சாச்சியும் அப்படி வந்தவர்கள்தான். நான் இங்கேயே பிறந்தவள். சாச்சி உம்மாவின் தங்கை. அவளுடைய மாப்பிள்ளை சவூதியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்ததால் எங்களோடு இருந்தாள். உம்மா மெஷினில் சல்வார், அபாயா, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் தைப்பாள். வெட்டி விழும் துண்டுகள் ஓர் உரப்பையில் சேரும். அந்தப் பை சாச்சியின் சொத்து.

சாச்சிக்கு வாய் நிறையக் குண்டூசி இருக்கும். குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டே கதைப்பாள், சிரிப்பாள், என் தம்பியை ஏசுவாள். ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. ஆனால் யானையைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு வெட்ட வராது. முயல் வெட்டப் போனால் காது பெருத்து யானையாகிவிடும். ஒருமுறை பூனை வெட்டினாள். அதற்கும் எப்படியோ ஒரு தும்பிக்கை வந்து சேர்ந்தது. அதனால் இருபத்துநாலும் யானையே என்று முடிவாயிற்று. அபாயாத் துணியில் கறுப்பு யானைகள், பள்ளிக்கூடச் சட்டைத் துணியில் வெள்ளை யானைகள், எங்கள் வீட்டுச் சல்வார்த் துண்டுகளில் பூப்போட்ட யானைகள். உள்ளே அடைக்க, பழைய தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சும் பொடியாக நறுக்கிய துணியும்.

உம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஊர்ப் பெண்களின் சட்டைத் துணி யானையின் வெளிப்பக்கத்தில் தெரியக் கூடாது. மிச்சமே விழவில்லை என்று எத்தனை பேரிடம் அவள் கூசாமல் சொல்லியிருந்தாளோ!

கையால் தைக்கும் ஊசிகள் எங்களிடம் ஏழு இருந்தன. தம்பி தவழ்ந்து திரிந்த காலம். தரையில் கண்டது எதுவாக இருந்தாலும் அவன் வாய்க்குள் போய்விடும். அதனால் ஊசி எண்ணுவது எங்கள் வீட்டில் தொழுகைக்கு அடுத்த கடமைபோல நடந்தது. தைக்க உட்காரும்போது ஏழு, எழும்பும்போது ஏழு. சாச்சி தொடங்கிவைத்த அந்தக் கணக்கை ஊசி கைக்கு வந்த நாளிலிருந்து நான்தான் பார்த்தேன். இன்று நான் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே மெஷினில் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு சிறு துண்டு குறைந்தாலும் வேலை நின்றுவிடும். புதிதாக வரும் பிள்ளைகள் இதென்ன கொடுமை என்று முகம் சுளிப்பார்கள். நான் மேசைக்குக் கீழே குனிந்து அவர்களுக்கும் சேர்த்துத் தேடிக் கொடுப்பேன்.

பொழுது சாய்ந்து மஹ்ரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது எங்கள் வீட்டில் ஒருவர் கையிலும் ஊசி இருக்கக் கூடாது. எந்தக் கிதாபில் அப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உம்மாவின் குடும்பத்தில் தலைமுறையாக வந்த பழக்கம். பாங்கின் முதல் சத்தம் கேட்டதும் தைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே விட்டு, ஊசியைப் பஞ்சுக் கட்டையில் குத்திவிட்டு, முக்காட்டை இழுத்துவிட வேண்டும்.

யானைகளைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்திய நாள் அது. நான் கடைசி யானைகளின் கண்ணில் இருந்தேன். பாங்கு சொன்னது. பஞ்சுக் கட்டை சாச்சியின் பக்கத்தில், எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. என் மடியில் ஒரு யானை. அதன் வயிறு இன்னும் மூடப்படவில்லை. தம்பி வேறு என்னை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். ஊசியைச் சும்மா வெளியில் குத்தி வைத்தால் அவன் பிடுங்கிவிடுவானே என்று மெத்தப் பெரிய புத்திசாலியாக யோசித்தேன். திறந்திருந்த வயிற்றுக்குள் விரலை விட்டு, பஞ்சுக்குள் ஆழமாக ஊசியைக் குத்தி மறைத்துவிட்டு எழுந்து ஓடினேன். அவ்வளவு கவனமான பிள்ளை நான்.

தொழுது முடிந்ததும் வாப்பாவோடு யாரோ விருந்தாளிகள் வந்தார்கள். உம்மா தையல் சாமான்களை எல்லாம் வாரி அறைக்குள் போட்டாள். நான் தேத்தண்ணீர்க் கோப்பை தூக்கினேன், பள்ளிக்கூட வேலை செய்தேன், உறங்கினேன். ஊசி என் நினைவிலேயே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது யானைகள் எல்லாம் ஒரு வெள்ளைச் சாக்குக்குள் இருந்தன. விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு உட்கார்ந்த சாச்சி, திறந்து கிடந்த வயிறுகளை எல்லாம் மூடித் தைத்து முடித்திருந்தாள். முன்பள்ளியில் பின்னேரம் அஸருக்குப் பிறகு கூட்டம். வெளியே திரீவீல் நின்றது. சாச்சி பெருநாளைக்கு எடுத்த அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் தைத்ததைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னால் கொடுப்பது அதுதான் முதல் தடவை.

"ஊசி ஏழும் இருக்காடி?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

பஞ்சுக் கட்டையைப் பார்த்தேன். ஆறு இருந்தன. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எந்த யானை? கறுப்பா, பூப்போட்டதா? எவ்வளவு யோசித்தும் மங்கல் வெளிச்சத்தில் மடியில் கிடந்த ஏதோ ஒரு யானையாகத்தான் இருந்தது. சொன்னால் இருபத்துநாலு வயிற்றையும் பிரிக்க வேண்டும். திரீவீல்காரர் ஹோன் அடித்தார். சாச்சி சிரித்த முகமாக நின்றாள்.

"ஓம் சாச்சி" என்றேன்.

இரண்டே சொல். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த இரண்டு சொல்லையும் திரும்ப வாங்குவதற்கு நான் என்னவெல்லாம் கொடுக்கத் தயாராக இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கூட்டத்துக்கு நானும் போனேன். பிள்ளைகள் வரிசையாக வந்து யானையை வாங்கினார்கள். ஒரு சின்னவள் வாங்கிய கையோடு தும்பிக்கையை வாய்க்குள் வைத்துச் சப்பத் தொடங்கினாள். ஒருவன் யானையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உருண்டான். எல்லாரும் சிரித்தார்கள். சாச்சியின் கண்கள் கலங்கியிருந்தன. நான் கதவோரத்தில் நின்று, எந்தப் பிள்ளை முதலில் வீரிடப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எந்தப் பக்கம் குழந்தை அழுதாலும் எனக்கு உயிர் போய் வந்தது. பசிக்கு அழுகிறதா, அடி வாங்கி அழுகிறதா, ஊசி குத்தி அழுகிறதா என்று வேலியோரம் நின்று காது கொடுப்பேன். குடியிருப்பு நிறையக் குழந்தைகள். அழுகைக்குப் பஞ்சமே இல்லை. குத்திய ஊசி இரத்தத்தோடு ஓடி நெஞ்சுக்குப் போய்விடும் என்று யாரோ எப்போதோ சொன்னது வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. சோறு இறங்கவில்லை. எனக்கு வயிற்றில் பூச்சி என்று உம்மா மருந்து வாங்கித் தந்தாள். அதையும் குடித்தேன்.

நாலாம் நாள் ஒரு வழி தோன்றியது. வீடு வீடாகப் போய் யானைகளை அமத்திப் பார்ப்பது. "யானைட வால் தையல் சரியாண்டு பாத்துட்டு வரட்டாம்" என்று சாச்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். முதல் மூன்று வீட்டில் சந்தேகப்படாமல் தந்தார்கள். நான் வாலைப் பார்ப்பதுபோல யானையைக் கழுத்திலிருந்து கால் வரை பிசைந்தேன். உள்ளே நறுக்கிய துணியும் தடித்த தையல் ஓரங்களுமாக எல்லாமே கையில் நெருடின. ஊசி இருந்தாலும் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் விடவில்லை. ஒரு வேளை என் விரலில் குத்திவிட்டால் போதுமே என்று துஆக் கேட்டுக்கொண்டே பிசைந்தேன்.

ஐந்தாவது வீட்டுச் சின்னவன் யானையைத் தரவில்லை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, "ஆன உறங்குது. எழுப்பாத" என்றான். நான் இழுத்தேன். அவன் என் கையைக் கடித்தான். எட்டாவது வீட்டில் யானையை என்னிடம் எடுத்துத் தர வந்த பெண், அதன் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இது எண்ட நோன்புப் பெருநாள் சட்டத் துணில்லவா? உங்கும்மா ஒரு துண்டும் மிஞ்சல்லண்டு செல்லிச்சே!"

நான் ஓடி வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் செய்தியும் வந்தது. உம்மாவுக்கு இரண்டு அவமானம் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, காதுக்குள் வைத்துத் தைத்த துணி பிடிபட்டது. மற்றது, அவளுடைய மகள் ஊரெல்லாம் திரிந்து சின்னப் பிள்ளைகளின் பொம்மையைப் பறிக்கிறாள் என்பது.

"பத்து வயசாகுது, இவளுக்குப் பொம்ம ஆச வந்திருக்கு. எங்க போய்ச் செல்ல இத?" என்று உம்மா தலையில் கை வைத்தாள். சாச்சி குண்டூசிகளுக்கு ஊடாகச் சிரித்தாள். அன்று பின்னேரமே உரப்பையைக் கொட்டி, இருந்ததிலேயே நல்ல நீலப் பட்டுத் துண்டைத் தேடி எனக்கென்று ஒரு யானை வெட்டினாள். "கேட்டிருந்தா நான் மொதல்லயே தெச்சித் தந்திருப்பேனே, பைத்தியம்" என்று மடியில் போட்டாள். நான் அதைப் பார்த்துக் கதறி அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் காலை. நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த ஒழுங்கையிலிருந்து ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையின் வாயெல்லாம் இரத்தம், தாயின் முக்காட்டிலும் இரத்தம். முன்பள்ளிப் பிள்ளைதான். தும்பிக்கையைச் சப்பினாளே, அவளேதான்.

எப்படி வீட்டுக்குள் வந்தேன் என்று தெரியாது. சாச்சி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் விழுந்து, ஊசி, யானை, பாங்கு, தம்பி என்று தலைகால் இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

சாச்சி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுக் கட்டையில் குத்தினாள். வாய் வெறுமையானதும் அவள் முகம் எனக்கு வேறு யாருடையதோபோலத் தெரிந்தது.

"எந்த ஆன?"

"தெரியா சாச்சி."

"ஆருக்காச்சும் செல்லிட்டியா?"

"இல்ல."

"செல்லாத. இனி நீ ஒண்டும் கதைக்காத. நான் கதைக்கிற."

அந்தப் பிள்ளை தென்னை மட்டையில் ஏறி விழுந்து கீழே கிடந்த மட்டிச் சிப்பி ஓட்டில் உதட்டைக் கிழித்துக்கொண்டது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. உதட்டில் மூன்று தையல். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஒரு பிள்ளை உதடு கிழிந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன பாவி நான். சாச்சி அதற்குள் அபாயாவைப் போட்டுக்கொண்டு சாக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று அவள் சொன்னது ஒன்றுதான். "நான் ஒரு ஊசிய உள்ள வெச்சித் தெச்சிட்டன். எண்ட கவனமில்லாத வேல. ஆனயத் தாங்க, பாத்துட்டுக் கொண்டாந்து தாறன்." நான் என்றுதான் சொன்னாள். பின்னால் நின்ற எனக்கு, அது நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் சாக்கின் வாயை விரித்துப் பிடித்ததோடு சரி. சிலர் யானையைக் கொண்டுவந்து தந்தார்கள். ஒருத்தி தூர நின்று எறிந்தாள். "சின்னப் புள்ளகள்ட சாமான்ல இப்பிடியா செய்ற? ஒங்களுக்கு ஒண்டு இருந்தாத்தானே தெரியும்!" என்று ஒரு பெண் ஒழுங்கையே கேட்கும்படி கத்தினாள். சாச்சிக்குப் பிள்ளை இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த படலைக்கு நடந்தாள். அன்று மாலை டீச்சரும் வந்து, இனிமேல் ஒன்றும் தைத்து அனுப்ப வேண்டாம் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

பாயை விரித்து இருபத்துமூன்று யானைகளையும் பிரித்தோம். உம்மாவும் வந்து உட்கார்ந்தாள். ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பஞ்சைப் பிரித்துப் பிரித்துத் தடவினோம். வாப்பா பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி அதிலிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து குவியலின் மேல் மூன்று தரம் ஓட்டினார். ஒரு குண்டூசி வந்து ஒட்டியது. ஊசி இல்லை.

இருபத்துநாலாவது யானை ஊரிலேயே இல்லை. அதை வாங்கிய நாலு வயதுப் பிள்ளையின் குடும்பம் அதற்கு முந்திய கிழமை, மன்னார்ப் பக்கம் முசலியில் இருந்த தங்கள் பழைய காணிக்கே திரும்பிப் போய்விட்டது. சாமான் ஏற்றிய லொறியின் முன் ஆசனத்தில் யானையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். கையும் காட்டினேன். டீச்சரிடம் இருந்த அவர்களின் போன் இலக்கத்துக்கு வாப்பா திரும்பத் திரும்ப எடுத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு பெண் சிங்களத்தில் மரியாதையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"போற ஆளுகள்ட்டச் செல்லி விடுவோம்" என்றாள் உம்மா.

"செல்லி விட்டு அது போய்ச் சேர எத்தின நாள் ராத்தா? நான் போறன்" என்றாள் சாச்சி.

உம்மாவும் வாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு வயதில் வள்ளத்தில் ஏறி வந்த பிறகு சாச்சி அந்தப் பக்கம் போனதே இல்லை. யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் எல்லாரும் வேன் பிடித்துப் போய்த் தங்கள் காணியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த நாட்களில் எல்லாம் சாச்சிக்கு மட்டும் தலையிடி வந்துவிடும். பெரியவர்கள் ஏன் அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. ஊசி ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. சாச்சி எவ்வளவு வேகமாகப் போவாள் என்பது மட்டுமே என் கவலை.

மறுநாள் விடியப் போனாள். வண்ணாத்திவில்லு வழியாகக் காட்டுப் பாதையில் போகும் பஸ். அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் உண்மையாகவே இருந்தது. பாயில் கிடந்தபடி, இப்போது பஸ் எங்கே போகும், இப்போது இறங்கியிருப்பாளா, வீட்டைக் கண்டுபிடித்திருப்பாளா, அங்கே எல்லாரும் கூடி நின்று அழுதுகொண்டிருந்தால் என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். பகல் பாங்கு சொன்னது. அஸர் பாங்கு சொன்னது. வாப்பா இரண்டு தரம் சந்தி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மஹ்ரிபுக்குச் சற்று முன்னால் சாச்சி வந்து சேர்ந்தாள். அபாயாவின் ஓரமெல்லாம் செம்மண். செருப்பின் வார் அறுந்து சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. எங்கேயோ நெடுந்தூரம் நடந்திருந்தாள். தண்ணீர்கூடக் கேட்காமல் நேரே என் பாயருகில் வந்து உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு மடித்த கடதாசியை எடுத்து விரித்தாள். உள்ளே ஓர் ஊசி.

"இந்தா. தும்பிக்கக்குள்ள இருந்திச்சி. புள்ளைக்கு ஒண்டும் இல்ல. நல்லா விளையாடுது."

நான் எழுந்து உட்கார்ந்து அதைத் தொட்டேன். நீளமும் அதே நீளம்தான். "நூல் எங்க சாச்சி? கறுப்பு நூல் இருந்திச்சே?"

"இழுக்கக்குள்ள அறுந்து போச்சி."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பன்னிரண்டு நாளும் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒன்று அப்படியே இறங்கிப்போனது. சாச்சி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுநாள் உட்கார்ந்து இருபத்துமூன்று யானைகளுக்கும் புதிதாகப் பஞ்சடைத்துத் தைத்தாள். நான் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அவள் பொம்மை தைக்கவில்லை.

அந்தப் பிள்ளையை மட்டும் சாச்சி மறக்கவே இல்லை. முசலிப் பக்கமிருந்து யார் வந்தாலும், கலியாண வீடானாலும் மையித்து வீடானாலும், எப்படியாவது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுவிடுவாள். "அந்த வீட்டுச் சின்னப் புள்ள சொகமா இருக்காமா? நடமாட்டம் எல்லாம் சரியா?" நல்லா இருக்கு என்று அவர்கள் சொன்னால் கண்ணை மூடி ஓர் அல்ஹம்துலில்லாஹ் சொல்வாள். வருஷக்கணக்கில் கேட்டாள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஓ லெவல் பரீட்சை எடுத்த செய்தி வந்த பிறகுதான் கேட்பதை நிறுத்தினாள். ஒரே நாள் பார்த்த பிள்ளைமேல் சாச்சிக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

சென்ற மாதம் என் மகளின் சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம் என்று, நாலைந்து நாளைக்கு முன் யன்னல் சீலையில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தேன். வரமாட்டேன் என்றது. இழுத்து எடுத்தால் பழுப்பு நிறமாக இருந்தது. சீலையிலும் துருக் கறை. எங்கள் கரையின் உப்புக் காற்றில் எந்த ஊசியும் அப்படித்தான் ஆகும். பொத்தானைக் கீழே வைத்துவிட்டு அந்த ஏழாவது ஊசியை நினைத்தேன். பன்னிரண்டு நாள் பஞ்சுக்குள் கிடந்து, ஒரு சின்னப் பிள்ளையின் எச்சிலும் வியர்வையும் ஊறி, லொறியில் மன்னார் வரை போன ஊசி அது. சாச்சி கடதாசியில் மடித்துக் கொண்டுவந்த ஊசியில் ஒரு புள்ளித் துருவும் இல்லை. கடை எண்ணெய்கூட இன்னும் அதில் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கடையில் வாங்கியிருப்பாள். அந்த வீடு அவளுக்கு அகப்படவில்லையா, அகப்பட்டும் பூட்டிக் கிடந்ததா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. செருப்பு அறும் வரை எங்கெல்லாம் தேடி அலைந்தாளோ! யானையைக் கண்டிருந்தால் அத்தனை வருஷம் அந்தப் பிள்ளையின் சுகத்தை விசாரித்திருக்க மாட்டாள் என்பது மட்டும் இப்போது விளங்குகிறது.

அன்று எனக்கு அது எதுவும் விளங்கவில்லை. காய்ச்சல் விட்டுப் பசி வந்தது. உம்மா மீன் ஆணம் காய்ச்சியிருந்தாள். இரண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாச்சிதான் எனக்குப் போட்டாள். அவள் சாப்பிடவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பு என்று சொன்னாள். நானும் நம்பினேன்.